மரியாதைப் பாடம்: சைக்கிள் காலமும் இணையக் காலமும்

மரியாதை என்னுஞ் சொல்லுக்கு வடமொழியில் எல்லை என்பது பொருள். ஒருவன் எதுவரை செல்லலாம், எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதே அச்சொல்லின் முதல் வேலை. அவ்வெல்லையை வகுத்தவர் யார்? யாருக்காக வகுத்தார்? வகுத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்தாமா? இம்மூன்று வினாக்களையும் எழுப்பாமல் மரியாதையைப் பற்றி எத்துணை உயர்வாகப் பேசினும் அது வெறும் உபதேசமாகவே முடியும். இன்று நமது மலேசிய நாட்டுப் பள்ளிக்கூடங்களில் மின்னிலக்கக் குடிமை என்றும் இணைய நாகரிகம் என்றும் பெயர் தாங்கிப் புதியதொரு மரியாதைப் பாடம் நுழைந்து வருகிறது. அப்பாடம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அஃது எத்தன்மையதாக இருத்தல் வேண்டும் என்று துணிவதற்கு முன்னர், இம்மண்ணில் நம் முன்னோர் கற்ற பழைய மரியாதைப் பாடத்தின் வரலாற்றைச் சிறிது திருப்பிப் பார்த்தல் நலம் பயக்கும்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியிலே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரியதொரு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் சார்பிலே அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் முதன்மையானவர் பத்திரிகையாளராயிருந்த ஆர். எச். நாதன். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகள் பல. தமிழருக்குஞ் சீனருக்கும் சம கூலி வேண்டும். பெண்களை மானபங்கஞ் செய்தல் ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். குழந்தைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பேசவுங் கூடவும் உரிமை வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இவற்றோடு சேர்ந்து வேறொரு கோரிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் முன்னும், கிராணிமார் முதலிய ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியபடியே செல்ல அனுமதிக்க வேண்டும் என்பதே அது.

இதனை இன்று படிக்கும் இளைஞர் சிரிப்பர். கூலி உயர்வும் மருத்துவமும் கேட்ட வாயால் சைக்கிளையுமா கேட்பது என்பர். ஆனால் அக்காலத்துத் தொழிலாளிக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. தோட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போகவும், செய்தி அறியவும், பிற தோட்டத்தாரோடு கலந்து பேசவும் அவனுக்கு வாய்த்த ஊர்தி அது. அதன்மீது அமர்ந்து செல்பவன் தலை நிமிர்ந்தே செல்வான். அந்நிமிர்ச்சிதான் துரையின் கண்ணை உறுத்தியது. ஆகவே, 'இறங்கு, தள்ளிக்கொண்டு போ' என்னுங் கட்டளைக்கு மரியாதை என்று பெயர் வந்தது. இறங்குவோன் எப்பொழுதும் தொழிலாளியே. அவனைக் கண்டு துரை ஒருநாளும் தம் மோட்டாரை விட்டு இறங்கியதில்லை. கிராணித் தொழில் புரியும் நாம் இதனை எழுதுகையில் மறைத்தற்கு ஒன்றுமில்லை: அந்த ஒருவழி மரியாதையைப் பெற்றுக்கொண்டோர் வரிசையில் நமது உத்தியோகமும் இருந்தது என்பது வரலாறு.

அப்போராட்டம் எவ்வாறு முடிந்தது? 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவ்வாண்டு முடியுமுன்னரே ஜப்பானியப் படையும் மலாயாவுக்குள் புகுந்தது. எனினும், மரியாதை என்பது மேலிருந்து கீழே இறங்கும் ஆணையன்று, இருபுறமும் நடக்க வேண்டிய கொடுக்கல் வாங்கல் என்னும் எண்ணத்தை அன்றைய தோட்டத் தொழிலாளி ஒரு கோரிக்கைத் தாளிலே எழுதி வைத்துவிட்டான்.

இனி, அக்காலத்துப் பள்ளிக்கூடம் என்ன கற்பித்தது என்று பார்ப்போம். மலாயாவில் தமிழ் வகுப்பு முதன்முதல் 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கியது. ஆயினும் தோட்டத்துக் குழந்தைகளுக்குக் கல்வி எட்டியது வெகு காலங் கழித்தே. 1923ஆம் ஆண்டின் தொழிற் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் பத்துப் பேர் இருக்குந் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் பிறந்ததேயன்றி ஆசிரியர் பிறக்கவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஒழிந்த வேளையில் வாத்தியாராகவும் இருந்தார். கட்டளையிடுபவரே கற்பிப்பவராகவும் அமைந்தால் பாடம் எவ்வாறிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எழுத்தும் எண்ணும் சிறிதளவும், அடங்கி நடக்கும் வழக்கம் பெரிதளவும் குழந்தைகளுக்குக் கிடைத்தன.

நாடு விடுதலையுற்ற பின்னர், 1970 ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனஞ் செய்யப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டின் ஐந்தாம் கூறாக நன்னடத்தையும் ஒழுக்கமும் வைக்கப்பட்டன. 1983ஆம் ஆண்டில் தொடக்கப்பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் வந்தபொழுது நன்னெறிக் கல்வி தனிப் பாடமாயிற்று. ஆகவே, ஒழுக்கத்தைப் பள்ளியில் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. குடிமகன் மற்றொரு குடிமகனோடு எவ்வாறு பழக வேண்டும் என்பதை அரசே பாடமாக்கிய நாடு இது. புதிது யாதெனின், அக்குடிமக்கள் முகம் பாராமற் சந்திக்கும் இடமொன்று நம் காலத்தில் உண்டானமையே.

அவ்விடத்துக்கு இணையம் என்று பெயரிட்டோம். அதன் முதல் நாகரிக விதிகள் எங்கிருந்து வந்தன என்பது சிந்திக்கத்தக்கது. அவை எந்த அரசனின் ஆணையாலும் வந்தவையல்ல. அதனைப் பயன்படுத்தியோர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டவை. 1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் என்னும் பெண்மணி தொகுத்தளித்த இணைய நடத்தைக் குறிப்பு அவற்றுள் பெயர் பெற்றது. கோபத்தோடு எழுதியதை உடனே அனுப்பாதே. எதிரில் இருப்பது இயந்திரமன்று, மனிதன். நீ அனுப்புவதில் கவனமும் பெறுவதில் பெருந்தன்மையுங் கொள் என்பன போன்ற அறிவுரைகள் அதிலே உண்டு. இவை ஒருவரையொருவர் சமமாகக் கருதியோர் செய்துகொண்ட உடன்படிக்கை. சைக்கிள் மரியாதைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வாசகர்கள் உணர்வார்களாக.

நம் மலேசியத் தமிழரும் இத்துறையிற் பின்தங்கியோரல்லர். 1985ஆம் ஆண்டிலேயே முத்து நெடுமாறன் அவர்கள் முரசு என்னும் மென்பொருளை ஆக்கிக் கணினித் திரையில் தமிழெழுத்தை ஏற்றினார். எழுத்து ஏறிவிட்டது, எழுதுவோரின் பண்பு ஏறியதா என்பதே இப்பொழுது எழும் வினா.

அரசின் முயற்சிகளையும் வரிசைப்படுத்திக் காண்போம். 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கிற்று. 1998இல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் நிறைவேறியது. 1999இல் 88 பள்ளிகளைத் தேர்ந்து விவேகப் பள்ளி என்னுஞ் சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டது. இவையெல்லாம் கருவியையுங் கம்பியையுங் கொண்டு வந்தன. நடத்தையைப் பற்றிய பேச்சு பிறகே வந்தது. 2012ஆம் ஆண்டில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 'கிளிக் டெங்ஙான் பீஜாக்', அதாவது அறிவோடு சொடுக்குக, என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. கருவிக்கும் அதனைக் கையாளும் பண்புக்கும் இடையே இத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பது கருதத்தக்கது. வண்டி வாங்கிக் கொடுத்து வெகு நாட் சென்றபின் சாலை விதியைச் சொல்லும் தகப்பனை நாம் புத்திசாலி என்று புகழ மாட்டோம்.

இதற்கிடையே 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் திரைக்குள் புகுந்தது. அதுவரை கைப்பேசியைப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்து வைத்த பெற்றோரே அதனைப் பிள்ளைகள் கையில் திணிக்க வேண்டியதாயிற்று. செம்பனைத் தோட்டத்து வீடுகளில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பிடித்த காட்சியை நாம் கண்டிருக்கிறோம். பாடம் கேட்கக் கொடுத்த கருவி பாடத்தோடு நின்றுவிடுமா? பாட்டும் விளையாட்டும் வந்தன. அவற்றின் பின்னே வசையும் வதந்தியும் வந்தன. ஆசிரியர் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். வசைக்கு என்ன மறுமொழி என்பதைச் சொல்லிக் கொடுக்க அங்கே ஒருவருமில்லை.

வதந்தி என்ன செய்யும்? தாய்த் தமிழகத்திலே 2018 மே மாதத்தில் நடந்ததை மறத்தற்கியலாது. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்னும் புலனச் செய்தி அப்பொழுது கைப்பேசி தோறும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தல் நம் முன்னோர் போற்றிய அன்புச் செயல். அதனையே கொலைக்குக் காரணமாக்கிற்று விசாரியாது அனுப்பிய ஒரு செய்தி. இந்தியாவெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தமையால், 2018 ஜூலையில் அந்நாட்டில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் முன்னனுப்ப இயலாதபடி புலன நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது. 2019 ஜனவரியில் அதனை உலகெங்கும் விரிவாக்கிற்று. ஐந்து என்பது வேகத்தைக் குறைக்கும், உண்மையை உண்டாக்காது.

அதே 2018ஆம் ஆண்டில் கேரளத்துக் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் வேறு வழியை மேற்கொண்டது. தடுப்பூசி பற்றிய பொய்ச் செய்திகளால் பெற்றோர் அஞ்சி ஒதுங்கியதைக் கண்ட அது, அரசுப் பள்ளிகளிலே 'சத்தியமேவ ஜயதே' என்னும் பெயரில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் பயிற்சியைத் தொடங்கிற்று. இச்செய்தி எங்கிருந்து வந்தது, இப்படம் எப்பொழுது எடுக்கப்பட்டது, இதனை நான் நம்பினால் யாருக்கு இலாபம் என்று கேட்கப் பிள்ளைகள் பழக்கப்பட்டனர். இங்கே நாம் கருத வேண்டியது: அப்பள்ளிகள் பிள்ளைகளை வாய் மூடச் சொல்லவில்லை, வினவச் சொல்லின. யார் சொல்லக் கேட்பினும் மெய்ப்பொருள் காண வேண்டும் என்னும் அறத்தை இரண்டாயிரம் ஆண்டாக ஓதி வரும் தமிழ்ச் சமூகத்துக்கு இஃது அந்நியமான கல்வியா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2024 ஜூலை 5ஆம் நாள், சமூக ஊடகத்தில் ஈஷா என்று அறியப்பட்ட தமிழ்ப் பெண் ஒருவர் இணையப் பகடிவதைக்கு ஆளாகிக் கோலாலம்பூரில் உயிர் துறந்தார். தமக்கு வந்த மிரட்டல்களைப் பற்றி முதல் நாளே அவர் போலீசில் புகார் செய்திருந்தார். அவ்வழக்கிலே குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்மணிக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்ட தண்டனை 100 வெள்ளி அபராதம். அச்சட்டம் அதற்குமேல் அபராதம் விதிக்க இடங்கொடுக்கவில்லை. இத்துணைப் பழைய சட்டத்தைக்கொண்டு இன்றைய கொடுமையை அளந்ததைக் கண்டு நாடு கொதித்தது. அதன் விளைவாகத் தண்டனைச் சட்டத்தில் பகடிவதையைக் குற்றமாக்கும் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2026 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்தலைத் தடுக்கும் எண்ணத்தையும் 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. ஆஸ்திரேலியா அத்தகைய தடையை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது.

சட்டம் வந்துவிட்டதே, பாடம் எதற்கு என்று வினவுவாருமுளர். சட்டம் குற்றம் நடந்தபின் வருவது. பாடம் நடக்குமுன் வருவது. தடை போடுவோமே என்பாருமுளர். தடை ஒரு பிறந்தநாளில் முடிந்துவிடும். 16 வயது நிறைந்த மறுநாட் காலையில் பிள்ளைக்குத் திடீரென்று விவேகம் முளைத்துவிடுமா? நீரில் இறங்காமலே வளர்த்த பிள்ளையைக் குறித்த நாளில் நடுவாற்றில் விடுவதற்கு ஒப்பாகும் அது. ஆகவே பாடம் வேண்டும்.

நிற்க. எப்பாடம் என்பதே நாம் கலங்கும் இடம். 1998ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்ட பொழுது அதன் 233ஆம் பிரிவிலே, பிறருக்கு எரிச்சலூட்டும் நோக்கும் குற்றமாகக் குறிக்கப்பட்டது. எரிச்சல் என்பது யாருடைய எரிச்சல்? 1941இல் சைக்கிளில் ஏறியபடியே சென்ற தொழிலாளியைக் கண்டு துரைக்கும் எரிச்சலே உண்டாயிற்று. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் படம் எடுத்து ஒரு மாணவி இணையத்திலே போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகத்துக்கு எரிச்சல் வரும். அம்மாணவி நாகரிகமற்றவளா? மற்றொரு மாணவன் தன் வகுப்புத் தோழியின் நிறத்தையோ, அவள் பெற்றோரின் சாதியையோ, அவள் தந்தையின் கூலி வேலையையோ பழித்து எழுதுகிறான். நாலு பேர் சிரிக்கின்றனர். எந்த அதிகாரியுங் கோபங்கொள்வதில்லை. அவன் நாகரிகமுடையவனா? இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாத பாடம் எதுவாயினும் அது மின்னிலக்கக் குடிமையன்று. 'சைக்கிளை விட்டு இறங்கு' என்னும் பழைய கட்டளையின் புதுப் பதிப்பே என்க.

ஆங்கில வழியிற் படித்த நம் போன்றோர் இச்சொற்களை முதலில் ஆங்கிலத்திலேயே கேட்டோம். அமெரிக்காவில் மைக் ரிப்பிள், ஜெரால்டு பெய்லி என்னும் இருவர் 2007இல் பள்ளிகளுக்கென எழுதிய நூல் மின்னிலக்கக் குடிமையை ஒன்பது கூறுகளாகப் பகுக்கிறது. நடத்தை நயம் அவற்றுள் ஒன்றே. உரிமையும் பொறுப்பும் மற்றொரு கூறு. யாவருக்கும் அணுகும் வாய்ப்பு வேறொரு கூறு. குடிமை என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு உரிமையை விட்டுவிடுதல், நெல்லை வாங்கி அரிசியை எறிந்துவிட்டு உமியை வீட்டுக்குக் கொண்டுபோவதாகும்.

மேலும் ஒன்று. மரியாதை இருவழியாக நடத்தல் வேண்டும் என்றோம். அது பள்ளிக்கும் பெற்றோருக்கும் பொருந்தும். பெற்றோர் புலனக் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகளையும் ஒரே பட்டியலாக அனுப்பி, கடைசியில் நிற்கும் பிள்ளையை ஊரறியச் செய்வது எவ்வகை நாகரிகம்? அழுகின்ற குழந்தையைப் படம்பிடித்து வேடிக்கைக்காக முகநூலில் ஏற்றும் தாய் தந்தையர் அக்குழந்தையிடம் அனுமதி கேட்டனரா? பிள்ளைக்குக் கற்பிக்கும் விதி பெரியோருக்கு இல்லையெனின், பிள்ளை அவ்விதியையன்று, விதிவிலக்கையே கற்றுக்கொள்ளும்.

இன்னும் ஒன்று சொல்வோம். அஃது நம் தமிழருக்கே உரியது. இன்று தோட்ட வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். அவர்களைப் பற்றி இணையத்தில் எழுதப்படும் இழிசொற்களைப் படித்தால் உள்ளங் கூசுகிறது. 2020 ஏப்ரலில் இந்நாட்டின் சமூக ஊடகங்களில் ரோகிஞ்சா அகதிகள்மீது பகைமொழிகள் வெள்ளமெனப் பெருகின. அழுக்கர், சோம்பேறிகள், நன்றி கெட்டவர் என்னும் இச்சொற்களெல்லாம் ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் பாட்டன்மார்மீது வீசப்பட்டவையே. சைக்கிளை விட்டு இறங்கியவனின் கொள்ளுப்பேரன் இன்று வேறொருவனைப் பார்த்து இறங்கு என்பானாயின், நாம் 1941இலிருந்து எதனைக் கற்றோம்? எங்கள் பந்திங் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வேலைநிறுத்தக் கதையைச் சொல்லி, அதன் மறுபக்கமாக இக்கேள்வியையும் கேட்டால், அதனினுஞ் சிறந்த இணைய நாகரிகப் பாடம் வேறொன்றை நாம் அறியோம்.

ஆகவே நமது யோசனை இது. தமிழ்ப் பள்ளி இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்டவை உள. பாடநூலுக்கும் சுற்றறிக்கைக்கும் காத்திராமல், ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வாரம் ஒரு நாழிகையை இதற்கென ஒதுக்கலாம். அவ்வாரம் வந்த புலனச் செய்தி ஒன்றைப் பிள்ளைகள் முன் வைத்து, மெய்யா பொய்யா என்று அவர்களையே ஆராயச் செய்யலாம். செயலைக் கண்டிப்பதற்கும் பிறப்பைப் பழிப்பதற்கும் உள்ள வேற்றுமையை எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். துன்புறுத்தப்பட்ட பிள்ளை யாரிடஞ் சொல்வது, சாட்சியாக எதனைப் பாதுகாப்பது, சட்டம் என்ன துணை செய்யும் என்பதைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். ஆசிரியரும் பெற்றோரும் தாங்கள் கட்டுப்படும் விதிகளையும் அதே சுவரில் எழுதிக் கையொப்பமிடலாம். அக்கையொப்பத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எழுதியவர்களும் அவ்விதிக்கு உட்பட்டவர்களே என்று அவர்கள் அறியும் நாளில்தான் பாடம் தொடங்கியதாகக் கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசுவார்களாக.